எந்த மென்பொருளைப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு

சென்ற தீபாவளிக்குச் சித்தி வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். முறுக்குத் தட்டு ஒரு சுற்று வந்து முடிந்ததும் சித்தி மகள் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். திரையில் ஒரு விளம்பரம். மூன்று மாதம், வார இறுதி வகுப்பு, நான்கு மென்பொருள், நான்கு சான்றிதழ், கட்டணம் 2,400 வெள்ளி.

"அக்கா, இதுல சேரலாமா? ஒன்னே ஒன்னு மட்டும் படிக்கிறதுன்னா எதைப் படிக்கிறது?"

சமையலறையிலிருந்து சித்தியின் குரல் வந்தது. "நல்ல படிப்புன்னா கட்டிடலாம்மா. பணம் வச்சிருக்கேன்."

சித்தி ஒரு பள்ளி உணவகத்தில் கடை வைத்திருக்கிறார். ஒரு தட்டு மீ கோரெங் இரண்டு வெள்ளி என்று வைத்தாலும் 2,400 வெள்ளிக்கு 1,200 தட்டு. அதுவும் லாபத்தைக் கணக்கில் பார்க்காமல், வந்த காசை அப்படியே எடுத்து வைத்தால்தான். அன்று நான் உடனே பதில் சொல்லவில்லை. யோசித்து எழுதுகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோது, இதே கேள்வியோடு இன்னும் எத்தனையோ தம்பி தங்கைகள் இருப்பார்களே என்று தோன்றியது.

இதுபோன்ற ஒரு வகுப்புக்கு நானும் பணம் கட்டியவள்தான். வேலை தேடிக்கொண்டிருந்த நேரம் அது. பன்னிரண்டு வாரம், எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த வரைபடம் வரும் என்று கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சிக்குத் தந்த தரவு, கழுவித் துடைத்துக் கவிழ்த்த பாத்திரம்போல் அவ்வளவு சுத்தமாக இருந்தது. சான்றிதழுக்குச் சட்டம் போட்டு அம்மா கூடத்தில் மாட்டினார். வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் மாதம் நான் செய்த ஒரு தவற்றுக்குப் பிறகு, அந்தச் சுவர்ப் பக்கம் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அதைச் சொல்வதற்கு முன், இந்தத் துறை எதைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறேன்.

வேலை விளம்பரங்களில் 'பிஐ' என்றும் 'டேட்டா வேர்ஹவுஸ்' என்றும் பார்த்திருப்பீர்கள். தமிழில் வணிக நுண்ணறிவு, தரவுக் கிடங்கு என்கிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் மளிகைக் கடைக் கல்லாவில் தொடங்குவது. ஒரு பேரங்காடியின் கல்லா ஒவ்வொரு ரசீதையும் ஒரு தரவுத்தளத்தில் பதிகிறது. அந்தத் தரவுத்தளத்துக்கு ஒரே வேலைதான். வரிசையில் நிற்கும் அடுத்த வாடிக்கையாளரைக் காக்க வைக்காமல் அனுப்ப வேண்டும். "கடந்த மூன்று ஆண்டுகளில் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் எந்தக் கிளையில் நெய் அதிகம் விற்றது?" என்று அதனிடமே கேட்டால் இலட்சக்கணக்கான வரிகளைப் புரட்ட வேண்டிவரும், கல்லா திணறும். போதாததற்கு, விற்பனை ஒரு மென்பொருளில் இருக்கும், சரக்கு இன்னொன்றில், உறுப்பினர் அட்டை விவரம் மூன்றாவது ஒன்றில். ஒன்று 'கிளை 07' என்னும், மற்றது 'தேக்கா' என்னும். ஆகவே எல்லாவற்றையும் இரவோடு இரவாக எடுத்து, சீர்படுத்தி, கேள்வி கேட்பதற்கென்றே தனியாகக் கட்டிய இடத்தில் சேர்க்கிறார்கள். அதுதான் கிடங்கு. எடுத்து, மாற்றி, சேர்க்கும் வேலைக்கு ஈடிஎல் என்று பெயர். கிடங்கின் மேல் உட்கார்ந்து அறிக்கையும் டேஷ்போர்டும் காட்டுபவை பிஐ மென்பொருள்கள்.

உயர்நிலைப் பள்ளியில் கணக்கியல் எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது குறிப்பேடு. அதையே கணக்கு வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. இங்கே மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் வட்டிக் கடை நடத்திய செட்டியார்கள் குறிப்பும் பேரேடும் எழுதி, அவற்றிலிருந்து ஐந்தொகை போட்டு ஊரிலிருந்த முதலாளிக்கு அனுப்பினார்கள். கடல் தாண்டி உட்கார்ந்திருந்த ஒருவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் கடை எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டார். இன்றைய தலைமை நிர்வாகி டேஷ்போர்டைப் பார்ப்பதும் அதற்காகத்தான். அப்போதும் கணக்கப்பிள்ளை எதை எந்தத் தலைப்பில் எழுதினார் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

இனி என் தவறு.

நான் வேலை பார்த்த நிறுவனம் ஒரு சில்லறைக் கடைத் தொடர். கிளை வாரியாக வார விற்பனை அறிக்கை தயாரிப்பது என் பொறுப்பு. ஒரு நாள் மேலாளர், வாடிக்கையாளர்கள் எந்த முறையில் பணம் செலுத்துகிறார்கள் என்பதையும் அதில் காட்டச் சொன்னார். ரசீது அட்டவணையையும் கட்டண அட்டவணையையும் ரசீது எண்ணை வைத்து இணைத்தேன். வரைபடம் அழகாக வந்தது. அனுப்பிவிட்டேன்.

ஒரு வாடிக்கையாளர் 80 வெள்ளிக்குப் பொருள் வாங்கி, 30 வெள்ளியைப் பற்றுச்சீட்டாலும் 50 வெள்ளியை அட்டையாலும் செலுத்தினால், ரசீது அட்டவணையில் ஒரு வரி இருக்கும். கட்டண அட்டவணையில் இரண்டு வரி இருக்கும். இணைத்தபோது அந்த ஒரு ரசீது இரண்டு வரியானது. இரண்டிலும் 80 வெள்ளி. கூட்டினால் 160. நான் கூட்டினேன்.

தீபாவளிச் சமயத்தில் ஒரு கிளையில் மட்டும் நிறுவனமே பற்றுச்சீட்டுகள் வழங்கியிருந்தது. எனவே அந்தக் கிளையின் விற்பனை என் அறிக்கையில் ஊதிப்போய் நின்றது. கணக்குப் பிரிவு அதை வங்கியில் செலுத்திய தொகையோடு ஒப்பிட்டது. விற்பனை அதிகம், பணம் குறைவு. அந்தக் கிளையின் காசாளர்கள் இருவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இருவரும் ஐம்பது வயதைக் கடந்த பெண்கள். ஒருவர் தமிழர்.

மூன்று நாள் கழித்து நடந்த கூட்டத்தில்தான் எனக்கு இது தெரிய வந்தது. அந்தக் கிளையின் மேற்பார்வையாளர், இருபது ஆண்டுக்கு மேல் அங்கேயே இருப்பவர், என் வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நானும் அங்கதான்மா நிக்கிறேன். அவ்வளவு சாமான் வெளிய போகலியே." அறையில் யாரும் பேசவில்லை. இடத்துக்கு ஓடிப்போய் ரசீதுகளை எண்ணிப் பார்த்தேன். அந்த வாரம் கல்லாவில் போட்ட ரசீதுகளைவிட என் அட்டவணையில் வரிகள் அதிகமாக இருந்தன. அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அனுப்புவதற்கு முன் அந்தப் பத்து நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

காசாளர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒருவர், "பரவாயில்லம்மா," என்றார். மற்றவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அதற்கு நான்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவு வரவில்லை.

நான் கட்டணம் கட்டிப் படித்த வகுப்பில் 'இந்த அட்டவணையில் ஒரு வரி எதைக் குறிக்கிறது?' என்ற கேள்வி ஒரு முறைகூட வரவில்லை. இத்துறையில் அதற்கு 'கிரெய்ன்' என்று பெயர். நெல்மணி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி என்பது ஒரு ரசீதா, ரசீதில் உள்ள ஒரு பொருளா, ஒரு கட்டணமா, ஒரு நாளின் மொத்தமா? ரால்ஃப் கிம்பல் 1996இல் வெளியிட்ட 'த டேட்டா வேர்ஹவுஸ் டூல்கிட்' என்ற புத்தகம் இந்தத் துறைக்குப் பாடநூல்போல. கிடங்கு வடிவமைக்க அவர் சொல்லும் நான்கு படிகளில் முதலாவது, எந்தத் தொழில் நடவடிக்கை என்று தேர்ந்தெடுப்பது. இரண்டாவது, ஒரு வரி எதைக் குறிக்கிறது என்று அறிவிப்பது. மற்றவை அதற்குப் பிறகுதான். இந்த இரண்டாம் படியைத் தாண்டிக் குதித்துத்தான் நான் விழுந்தேன். அவருடைய எடுத்துக்காட்டுகளில் ஒரு மளிகைக் கடைத் தொடரும் உண்டு என்பதைப் பிறகு படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கிம்பலுக்குச் சற்று முன்னால் 1992இல் பில் இன்மன் எழுதிய புத்தகம் வேறொரு பாதையைக் காட்டுகிறது. முழு நிறுவனத்துக்கும் பொதுவான ஒரு கிடங்கை முதலில் கட்டு, பிறகு பிரிவுகளுக்குப் பகிர்ந்து கொடு என்பது அவர் கட்சி. இருவரின் ஆதரவாளர்களும் ஆண்டுக்கணக்காக வாதாடியிருக்கிறார்கள். தொடங்கும் நிலையில் அந்தச் சண்டை உங்களுக்குத் தேவையில்லை. கிம்பலின் முதல் சில அத்தியாயங்கள் போதும். நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

அவர் முறையில் அட்டவணைகள் இரண்டு வகை. நடந்ததை அளவோடு பதிவது ஒன்று: எத்தனை விற்றது, எவ்வளவு வெள்ளி. இதை ஃபேக்ட் என்கிறார்கள். யார், எது, எங்கே, எப்போது என்று சொல்வது மற்றது: வாடிக்கையாளர், பொருள், கிளை, தேதி. இவை டைமென்ஷன். நடுவில் ஃபேக்ட், சுற்றிலும் டைமென்ஷன்கள் என்று வரைந்தால் நட்சத்திரம்போல் இருப்பதால் ஸ்டார் ஸ்கீமா. படமாக ஒரு தாளில் வரைந்து பார்த்தால் அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

புரியாத இடம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் ஒருவர் ஈசூனிலிருந்து பொங்கோலுக்குக் குடிமாறுகிறார். முகவரியை மாற்றி எழுதிவிட்டால், அவர் சென்ற ஆண்டு வாங்கியதெல்லாம் பொங்கோல் கணக்கில் போய்ச் சேரும். வரலாறு பின்னோக்கி மாறிவிடும். பழைய வரியை அப்படியே விட்டு, எந்தத் தேதிவரை அது செல்லும் என்று குறித்து, புதிய வரி ஒன்றைச் சேர்ப்பது ஒரு வழி. எல்லா விவரத்துக்கும் இப்படிச் செய்தால் அட்டவணை வீங்கும். எதன் பழைய நிலை முக்கியம், எதற்கு இப்போதைய நிலை மட்டும் போதும் என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். மென்பொருள் அதை முடிவு செய்யாது.

இங்கே நம் பெயர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டாவதாக நான் சேர்ந்த நிறுவனத்தில் குடும்பங்களுக்கு ஒரு சலுகை அனுப்ப முடிவானது. ஒரே முகவரி, ஒரே குடும்பப் பெயர் இருந்தால் ஒரு குடும்பம் என்பது விதி. கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. டான் குடும்பம் வந்தது, லிம் குடும்பம் வந்தது. முடிவைப் பார்த்தபோது தமிழ்க் குடும்பங்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கணவருக்கு அவர் அப்பாவின் பெயர், மனைவிக்கு அவர் அப்பாவின் பெயர், பிள்ளைகளுக்குக் கணவரின் பெயர். பெயரை 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டாக வெட்டும் மென்பொருள், நடுவில் வரும் எஸ்/ஓ, டி/ஓ ஆகியவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தது. மலேசியாவில் ஏ/எல், ஏ/பி. மலாய்ப் பெயர்களில் பின், பிந்தி. அவர்களும் பட்டியலில் குறைவாகவே இருந்தார்கள். விதியை எழுதியவர் கெட்டிக்காரர், நல்ல மனிதர். அவருக்கு இது தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்குத் தோன்றியது, ஏனென்றால் எங்கள் வீட்டுக்கு அந்தச் சலுகை வரப்போவதில்லை என்று பார்த்த உடனே தெரிந்தது.

தமிழ் மாணவர்கள் இத்துறைக்கு வர வேண்டும் என்று நான் சொல்வதற்குச் சம்பளம் ஒரு காரணம். இது இன்னொரு காரணம். அந்த மேசையில் நம்மைப் போன்ற ஒருவர் இல்லாவிட்டால் நாம் அட்டவணையிலிருந்து சத்தமில்லாமல் விழுந்துவிடுவோம். விழுந்தது யாருக்கும் தெரியாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? சித்தி மகளுக்கு எழுதியதையே இங்கும் எழுதுகிறேன்.

முதலில் எஸ்கியூஎல். 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் தரவை அட்டவணைகளாகவும் அவற்றின் உறவுகளாகவும் பார்க்கும் கோட்பாட்டை வெளியிட்டார். அதை வைத்து அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்சும் 1970களில் உருவாக்கிய மொழி இது. ஐம்பது ஆண்டு ஆகியும் போகவில்லை. மென்பொருள்களின் கதை அப்படியல்ல. 2007 ஒரே ஆண்டில் ஹைப்பீரியனை ஆரக்கிள் வாங்கியது. பிசினஸ் ஆப்ஜெக்ட்சை எஸ்ஏபியும் காக்னோசை ஐபிஎம்மும் வாங்கப்போவதாக அறிவித்தன. டேப்லோவை 2019இல் சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்கியது. உங்கள் சான்றிதழில் உள்ள பெயர் நீங்கள் பட்டம் வாங்குவதற்குள் வேறொருவர் கையில் இருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது எஸ்கியூஎல்தான். செலக்ட், வேர், குரூப் பை, ஜாயின். இந்த நான்கையும் தடுமாறாமல் எழுத ஆறு வாரம் போதும், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால். போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட், டக்டிபி ஆகிய மூன்றும் இலவசம். பழைய மடிக்கணினியிலும் ஓடும். முதல்முறை தொடங்குகிறவர்களுக்கு நான் டக்டிபியைச் சொல்வேன். நிறுவுவதற்கே ஒரு நாளை வீணாக்க வேண்டியிராது.

அடுத்து, உண்மையான தரவு. கழுவாத பாத்திரம் வேண்டும். சிங்கப்பூர் அரசாங்கத்தின் டேட்டா.ஜிஓவி.எஸ்ஜி தளத்தில் வீவக மறுவிற்பனை வீடுகளின் விலை விவரம் 1990ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கிறது. ஐந்து கோப்புகள், மொத்தம் 900,000 வரிகளுக்கு மேல். எக்செல்லின் ஒரு தாள் 1,048,576 வரியோடு நின்றுவிடும் என்பதால், இதை அங்கே திறந்தால் கணினி மூச்சு வாங்கும். கிடங்கு எதற்கு என்பது அப்போதே விளங்கிவிடும்.

ஐந்தையும் ஒன்றாகச் சேர்க்கப் பாருங்கள். 1990களின் கோப்பில் வீட்டு மாதிரியின் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கும். பின்னால் வந்தவற்றில் முதல் எழுத்து மட்டும் பெரியது. கணினிக்கு அவை இரண்டும் வேறு வேறு. எஞ்சியுள்ள குத்தகைக்காலம் பழைய கோப்புகளில் இல்லவே இல்லை. 2015, 2016 கோப்பில் வெறும் எண். 2017க்குப் பிறகு '61 ஆண்டு 04 மாதம்' என்பதுபோல் ஆங்கிலச் சொற்களோடு இருக்கும். இதைவிட நுட்பமானது, 'மாதம்' என்ற நெடுவரிசை. 2012 பிப்ரவரி வரையுள்ள கோப்புகளில் அது விற்பனைக்கு ஒப்புதல் கிடைத்த தேதியை வைத்தது. மார்ச்சிலிருந்து விற்பனை பதிவான தேதியை வைத்தது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. கோப்பின் தலைப்பைப் படிக்காதவர்களுக்கு இது கடைசிவரை தெரியாது. இந்த ஐந்து கோப்பையும் ஒழுங்காகச் சேர்த்து முடித்தால் ஈடிஎல் என்றால் என்ன என்பதை நேர்முகத் தேர்வில் உங்களால் கதையாகவே சொல்ல முடியும்.

பிறகு ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் நகரில் வீட்டு விலை ஏறியதா? சராசரி எடுத்துவிடலாம் என்று தோன்றும். சிறிய கணக்கு ஒன்றைப் பாருங்கள். சென்ற மாதம் நான்கு மூவறை வீடுகள் தலா 400,000 வெள்ளிக்கும் ஓர் ஐந்தறை வீடு 700,000 வெள்ளிக்கும் விற்றன. சராசரி 460,000. இந்த மாதம் ஒரு மூவறை வீடு 390,000 வெள்ளிக்கும் நான்கு ஐந்தறை வீடுகள் தலா 690,000 வெள்ளிக்கும் விற்றன. சராசரி 630,000. ஒவ்வொரு வகை வீடும் 10,000 வெள்ளி குறைந்திருக்கிறது. சராசரியோ 170,000 வெள்ளி ஏறியிருக்கிறது. டேஷ்போர்டு ஏறுமுகமாகப் பச்சை அம்பு காட்டும். அதை நம்பி வீடு வாங்குபவர் ஒருவர் இருப்பார். வீட்டு வகை வாரியாகப் பிரிக்க வேண்டும், பரப்பளவால் வகுக்க வேண்டும், மாடியையும் குத்தகையையும் பார்க்க வேண்டும் என்று நீங்களாகவே ஒவ்வொன்றாகச் சேர்ப்பீர்கள். அவைதான் டைமென்ஷன்கள்.

மலேசிய வாசகர்களுக்கு டேட்டா.ஜிஓவி.எம்ஒய், ஓப்பன்டோசம் ஆகிய இரு தளங்கள் இருக்கின்றன. விலைவாசி, மக்கள்தொகை, வேலை நிலவரம் எல்லாம் மாநில வாரியாகக் கிடைக்கும். உங்கள் மாநிலத்தையும் பக்கத்து மாநிலத்தையும் ஒப்பிட்டுத் தொடங்குங்கள்.

வேலைப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பயிற்சி செய்யலாம் என்று நினைத்து அலுவலகத் தரவை வீட்டுக்கு எடுத்து வந்துவிடாதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே 2012லிருந்தும் மலேசியாவில் 2010லிருந்தும் இருக்கிறது. உறுப்பினர் பட்டியல் ஒன்று உங்கள் மடிக்கணினியில் இருந்தாலே சிக்கல்தான். பொதுத் தரவே போதும், அதிலேயே வேண்டிய அளவு குப்பை இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகுதான் மென்பொருள். விண்டோஸ் கணினி இருந்தால் பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம். மேக் வைத்திருப்பவர்கள் டேப்லோ பப்ளிக் பயன்படுத்தலாம். அதில் வெளியிடுவது ஊரே பார்க்கும் இடம் என்பது நினைவிருக்கட்டும். மேகக் கணினிக் கிடங்கு எப்படி இருக்கும் என்று பார்க்க கூகலின் பிக்குவெரியில் கடன் அட்டை இல்லாமலேயே முயன்று பார்க்கும் வசதி உண்டு. எஸ்ஏபி, இன்ஃபர்மேட்டிகா, டெராடேட்டா, காக்னோஸ் போன்றவை பெரிய நிறுவனங்கள் உரிமம் வாங்கிப் பயன்படுத்துபவை. வீட்டில் இருந்து முழுமையாகக் கற்க முடியாது. திருட்டுப் பதிப்பைத் தேடி வைரஸ் வாங்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் கல்லூரியில் மாணவர் உரிமம் இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். இல்லை என்றால் கவலையும் வேண்டாம். இரண்டாவது வேலையில் எனக்கு முற்றிலும் புதிய மென்பொருள் ஒன்றைத் தந்தார்கள். மூன்று வாரத்தில் பழகிவிட்டது. பொத்தான்கள் இடம் மாறியிருந்தன, அட்டவணைகள் மாறவில்லை.

சான்றிதழே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூறு விண்ணப்பங்களைப் புரட்டும் மனிதவள அதிகாரிக்கு அது ஓர் அடையாளம். ஆனால் முதலில் அதை வாங்காதீர்கள். 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் உதவிநிதி 25 வயதான சிங்கப்பூரர்களுக்குத்தான். அதற்கு முன் நீங்கள் கட்டும் கட்டணம் பெரும்பாலும் அப்பா அம்மாவின் பணம். நான் ஆள் எடுக்கும் குழுவில் உட்கார்ந்தபோது நான்கு சான்றிதழ் வைத்திருந்த ஒருவரிடம், "இந்த அட்டவணையில் ஒரு வரி எதைக் குறிக்கிறது?" என்று கேட்டேன். அவர் மென்பொருளின் பெயரைச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஐந்தாம் மாதத்து நான்தான் எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

"செயற்கை நுண்ணறிவே எஸ்கியூஎல் எழுதிவிடுமே, எதற்கு நாங்கள் படிக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். எழுதும், நன்றாகவே எழுதும். நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஒரு நாள், அந்த இரண்டு அட்டவணையையும் இணைக்கச் சொல்லி நெடுவரிசைகளின் பெயரை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். நான் அன்று எழுதியதையே எழுதித் தந்தது. ஒரு ரசீதுக்கு இரண்டு கட்டணம் இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர் அந்தக் கிளையின் மேற்பார்வையாளரிடம் ஒரு தடவை பேசியிருக்க வேண்டிய நான்தான்.

சித்தி அந்த 2,400 வெள்ளியைக் கட்டவில்லை. வீட்டில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். மகளின் தோழிகள் இருவர் சேர்ந்துவிட்டார்கள், இவள் மட்டும் பின்தங்கிவிடுவாளோ என்று சித்திக்குப் பயம். எனக்கும் உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. ஆறு வாரம் கழித்து அவளிடம் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இருக்காதே.

சென்ற வாரம் இரவு பதினொரு மணிக்கு அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. அங் மோ கியோவில் தங்கள் புளோக்கு இருக்கும் தெருவை மட்டும் எடுத்து, ஆண்டு வாரியாக விலை போட்டிருக்கிறாள். கீழே ஒரு வரி: "அக்கா, ஒரே மாதிரி வீடு இதுல ரெண்டா வருது. ஒன்னு பெரிய எழுத்து, ஒன்னு சின்ன எழுத்து. நான் எண்ணிப் பார்த்தேன், மொத்தம் சரியா இருக்கு. ஆனா ரெண்டும் ஒன்னுதானா, இல்ல வேற வேறயா? யார்கிட்ட கேட்கணும்?"

ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.